இறுதி என்று பெயர் சூட்டுவோர்

வாசகரே, பெயர் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நம்பும் ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. அதற்கு வாலும் இல்லை, கொம்பும் இல்லை. மூக்குக்கண்ணாடி மட்டும் உண்டு. அடையாளம் தெரியாவிட்டால் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வினம் செழித்து வளரும் இடங்களுள் ஒன்று மென்பொருள் அலுவலகம். அங்கே செய்யும் திருத்தம் ஒவ்வொன்றும் ஒரு பதிப்பாகக் கணினியில் சேர்ந்துகொண்டே போகும். அவற்றுள் எது ஊருக்குப் போகவேண்டுமோ, அதன்மேல் 'டேக்' என்னும் பெயர்ச்சீட்டை ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு முன் எங்கள் இனத்தார் நாட்காட்டியில் நல்ல நேரம் பார்ப்போம், எண்ணுக்கு நடுவே எத்தனை புள்ளி என்று வாதிடுவோம், 'இறுதி' என்பதா 'நிறைவு' என்பதா என்று தேநீர் ஆறும்வரை ஆராய்வோம், ஒட்டியபின் சரிபார்க்கவும் செய்வோம்: பெயரில் பிழையில்லை, எண் முந்தையதைவிடப் பெரிது, கையொப்பம் இருக்கிறது. திரையில் பச்சை எரியும். சீட்டு எந்தப் பதிப்பின்மேல் ஒட்டியிருக்கிறது? அதை யார் பார்ப்பது?

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் பேருந்துகள் ஓடுமா என்று எவருக்கும் தெரியாதிருந்த 2020 மார்கழி. கரும்பு விவசாயிகளுக்கு, ஆலைக்காகக் கரும்பு வெட்டும் முறை எந்நாள் வருகிறது என்று காட்டும் செயலியைக் கள்ளக்குறிச்சியில் எங்கள் சிறிய அலுவலகம் உருவாக்கியிருந்தது. அதன் தமிழைத் திருத்துவதும் டேக் ஒட்டுவதும், ஓய்வுபெற்ற ஆசிரியையான என் பொறுப்பு. நல்ல நேரத்தில் ஒட்டினேன். பச்சை எரிந்தது.

மறுநாள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து தைலம்மாள் என்னும் விவசாயி அலுவலகத் தொலைபேசியில் அழைத்தார்.

"டீச்சரம்மா, எனக்கு நாளைக்கு வெட்டுன்னு ஆலையில சொல்லிக்கினு இருந்தாங்க. உங்க ஆப்புல தை கடைசின்னு காட்டுது. மலையிலேர்ந்து வந்த வெட்டாளுங்க மூட்டையக் கட்டிக்கினு நிக்கிறாங்க. கல்வராயன் மலைக்குப் போனா பொங்கல் கழிச்சிதான் எறங்குவாங்க. கரும்பு காஞ்சி பூடும். எதங்க நம்பறது?"

"எங்கள் பதிப்பு சரிபார்க்கப்பட்டதம்மா."

"இன்னாத்தப் பாத்தீங்க?"

பெயரைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, செயலியை எழுதும் மலர்விழியைக் கைப்பேசியில் அழைத்தேன். மறியலால் அவள் சங்கராபுரத்திலேயே தங்கிவிட்டிருந்தாள்.

"டீச்சர், புதுத் தேதியெல்லாம் என் லேப்டாப்லயே கெடக்குது. இங்க பஸ்ஸும் கெடையாது, நெட்டும் கெடையாது. நான் ஏத்தறதுக்குள்ள நீங்க எதுக்குங்க டேக் போட்டீங்க?"

"நல்ல நேரம் முடியவிருந்தது."

"யாருக்குங்க நல்ல நேரம்?"

ஒருமுறை ஒட்டிய சீட்டைப் பிய்க்கலாகாது என்பது எங்கள் குலவிதி. ஆகவே புதுச் சீட்டு வேண்டும். அதற்குப் புதுப் பெயர் வேண்டும். 'மெய்யான இறுதி' எனலாமா? அப்படியானால் முன்னது பொய்யாகிவிடுமே. 'திருத்திய இறுதி' எனலாமா? இவ்வாறு நான் மலர்விழியோடு ஆராய்ந்துகொண்டிருக்கையில், மேசைமேல் கிடந்த தொலைபேசியிலிருந்து குரல் வந்தது.

"டீச்சரம்மா, பேரு அப்பறம் வெய்யுங்க. ஆளுங்கள நிறுத்தட்டா, அனுப்பட்டா?"

அப்போதுதான், உன் லேப்டாப்பில் தைலம்மாளின் தேதியைப் படித்துக் காட்டு என்று மலர்விழியிடம் சொல்லத் தோன்றியது.

"தைலம்மாளுக்கு நாளைக்குத்தாங்க."

"நிறுத்துங்கள்" என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு நான் சொன்ன சொல், அந்த மாதத்தில் அது ஒன்றுதான். மறுநாள் கரும்பு வெட்டுப்பட்டது. புதுச் சீட்டின் பெயர் அப்போதும் முடிவாகவில்லை.

சிரிக்கிறீர்களா, வாசகரே? உங்கள் கணினியில் 'இறுதி', 'புதிய இறுதி', 'இதுவே இறுதி' என்று வரிசையாக நிற்கும் கோப்புகளுள் ஒன்றைத் திறந்து பாருங்கள். பெயரில் பிழை இருக்காது. அதை மட்டும்தானே நாம் பார்த்திருப்போம்.