பொதுநல விரும்பியின் இடுப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நடைமேம்பாலத்தின் மேல் நின்றபடியே, ரயில்வேயைத் திருத்திவிடுவது என்று தையற்காரர் முடிவு கட்டினார்.

சரக்கு ரயில் என்றால் அவருக்கு உயிர். அதுவும் வேகமாகப் போகிற சரக்கு ரயில். ஐம்பத்தெட்டுப் பெட்டிகள் காலுக்கடியில் தடதடவென்று ஓடும்போது மேம்பாலம் அதிரும், கைப்பிடிக் கம்பி அதிரும், வாரம் முழுக்கத் துணியோடு மல்லுக்கட்டிய அலுப்பெல்லாம் உதிர்ந்துவிடும். ஆனால் இரண்டு மாதமாக, தூரத்தில் சீறிக்கொண்டு வரும் வண்டி இங்கே வந்ததும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுகிறது. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பலகை முளைத்திருந்தது. மணிக்கு முப்பது கிலோமீட்டர். பக்கத்துச் சாலையில் மிதிவண்டியில் போகிறவன் ரயிலைப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குச் சும்மா கிடைத்தவை அல்ல. இடுப்புப் பிடிப்பு என்று வீட்டில் பொய் சொல்லி, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வைத்தியரிடம் நீவிவிட்டுக்கொள்ளப் போவதாக ஏற்பாடு. பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, பரண் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பதெல்லாம் இல்லாத வைத்தியரின் பேரில் அவரே சேர்த்துக்கொண்டவை. மாமியார் வந்து தங்குவதற்காக உள்ளறை இரும்பு பீரோவை முன்னறைக்கு நகர்த்தச் சொல்லி மனைவி கேட்டு நாலு மாதம் ஆயிற்று. பீரோவும் நகரவில்லை, மாமியாரும் வரவில்லை. ஒரே இடுப்பில் இரண்டு லாபம்.

அன்று மாலையே கடை மேசையில் உட்கார்ந்து ரயில்வே அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். "ஆறு மாதமாக ஞாயிறுதோறும் பத்து முதல் ஒன்று வரை, ஒரு நிமிடம்கூட உட்காராமல் நின்று கவனித்த அனுபவத்தில் சொல்கிறேன். இடுப்பில் இறுக்கிப் பிடித்த கால்சட்டை போட்டவனைப் போல ரயில் நடக்கிறது. கொஞ்சம் தாராளமாகப் பிரித்துவிடவும். இப்படிக்கு, பொதுநல விரும்பி."

மனைவிக்கு அந்த அலுவலகத்தில்தான் வேலை. ஆனால் அவள் லீவு விண்ணப்பங்கள் பார்க்கிறவள், நமக்கென்ன என்று இருந்துவிட்டார். போன மாதம் அவளைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அதை அவள் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் 'உம்' கொட்டினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கையில் ஒரு காகிதத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஆபீஸுக்கு ஒருத்தர் லெட்டர் போட்டிருக்காரு. சரக்கு ரயிலை வேகமா விடணுமாம். என்ன பதில் எழுதறதுன்னு தெரியல."

தையற்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ லீவு பிரிவுல இல்ல?"

"மாத்தி ஒரு மாசமாச்சு. சொன்னேனே, நீங்களும் உம் கொட்டினீங்களே."

"ஆமா ஆமா, கொட்டினேன்." அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளை முகம். தைரியம் வந்தது. "அந்த ஆளு சொல்றதும் நியாயமாத்தான் படுது."

"எப்படிங்க நியாயம்? வளைவுக்கு ஒரு வேகம், பாலத்துக்கு ஒரு வேகம், பிரேக் போட்டா எவ்வளவு தூரத்துல நிக்கும்னு பார்த்து ஒரு வேகம். எது கம்மியோ அதுதான் வண்டிக்கு. அங்க ஓடைப் பாலத்துத் தூண்ல வேலை நடக்குது. அத்தனை பாரத்தோட எழுபத்தஞ்சுல போனா என்னத்துக்கு ஆகும்?"

"பாரமே இல்லாம வர்ற காலி வண்டியும் முப்பதுலதானே ஊருது?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... அந்த ஆளு எழுதியிருப்பாரு இல்ல?"

"எழுதியிருக்காரு," என்றாள் அவள், காகிதத்தைப் பார்க்காமலே. "ஆனா எங்க அதிகாரி நம்ப மாட்டேங்கறாரு. மூணு மணி நேரம் உட்காராம நிக்க யாரால முடியும், ஆளு சும்மா அளக்கிறாருங்கறாரு."

தையற்காரருக்குச் சுருக்கென்றது. அளப்பது அவர் தொழில்தான். அதற்காக, ஆறு மாதத்தில் அவர் சொன்ன ஒரே உண்மையைப் போய்ப் பொய் என்பதா?

"ஏன் முடியாது? அந்த ஆளுக்கு இடுப்பு இரும்பு மாதிரி இருக்கும்."

"நிச்சயமாவா?"

"நான் கேரண்டி."

"குனிஞ்சு நிமிர்றது?"

"வில்லா வளைவாரு."

"பாரம் தூக்குவாரா?"

"மூட்டையையே ஒத்தக் கையால..."

மனைவி காகிதத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். கடையின் அளவு நோட்டிலிருந்து கிழித்த தாள். பின்பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே யாரோ ஒருவரின் மார்பளவும் கைநீளமும் இருந்தன.

"பீரோவை எந்தப் பக்கம் பிடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

பீரோ சனிக்கிழமை நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் வந்து இறங்கினார். மனைவி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"லெட்டருக்குப் பதில் எழுதணும்னா நேர்ல பார்க்கணும் இல்ல? நேத்தோட தூண் வேலை முடிஞ்சுது. இன்னிலேர்ந்து எழுபத்தஞ்சு. சமையலைப் பார்த்துக்குங்க."

பதினோரு மணிக்குத் தையற்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் சரக்கு ரயில் முழு வேகத்தில் தடதடத்துப் போனது. சத்தத்தை வைத்தே பெட்டிகளை எண்ணிப் பார்க்க முயன்றார். பாதியில் மாமியார் காப்பி கேட்டார்.

ஒரு மணிக்கு மனைவி வந்தாள். முகமெல்லாம் பளபளவென்றிருந்தது.

"ஏங்க, என்னமா போகுதுங்க. அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். நீங்க சமையலைக் கொஞ்சம் வேகமா முடிக்கப் பாருங்க."