வேட்டி மடிப்பில் ஒரு மனு

தமிழ்நாட்டில் இதுவரை எழுதப்பட்ட மனுக்களை அடுக்கினால், அதில் பாதி எங்கள் தெரு இஸ்திரிக்காரர் எழுதியதாகத்தான் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் அவர் பெயரே ‘மனு’. காபியில் சர்க்கரை குறைந்தால்கூட மனைவியிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘பொருள்: சர்க்கரை தொடர்பாக’ என்று எழுதி டம்ளருக்கு அடியில் வைத்துவிடுவார்.

அவருடைய தீராத மனு ஒன்று உண்டு. நெசவாளர்கள் குடியிருக்கும் எங்கள் தெருவில் வடிகால் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் நேராகத் தறிக்குழிக்குள் இறங்கிவிடும். குழிக்குள் கால் விட்டு மிதித்தால்தானே நெசவு? எங்கள் அண்ணி ஐப்பசி முழுக்கச் சொம்பும் கையுமாக இறைத்துக்கொண்டிருப்பார்.

எம்.எல்.ஏ. திடீரென்று காலமானபோது, மாலையோடு போன மனு தேம்பித் தேம்பி அழுதார்.

"போன வாரந்தான்பா கையில வாங்கினாரு. படிக்கிறதுக்குள்ள போயிட்டாரே!"

இடைத்தேர்தல் வந்தது. ஊருக்குள் இறங்கிய வெள்ளை வேட்டியெல்லாம் அவர் இஸ்திரி வண்டிக்குத்தான் வந்தது. மனுஷன் விடுவாரா? கட்சி பேதம் பார்க்காமல் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு மனுவை வைத்துத் தேய்த்து அனுப்பினார். ஒரு பேச்சாளர் அவசரத்தில் அப்படியே கட்டிக்கொள்ள, அவர் கையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் இடுப்பில் சரசரவென்று சத்தம் கேட்டதாம்.

தேர்தல் என்றால் வேட்பாளர் தறியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அவர் வருவதற்குள் குழியை இறைத்துத் துடைத்து வைத்துவிடுவோம். வருஷக்கணக்காக நாங்கள் செய்துவந்த முட்டாள்தனம் அது. இந்த முறை எங்கள் வீடு. அண்ணி சொம்பை எடுத்ததும் மனு குறுக்கே நின்றார்.

"இறைக்காதம்மா. இருக்கிறபடியே இருக்கட்டும்."

"வேட்டி நனைஞ்சா நம்மளத்தான் திட்டுவாங்கணா!"

"நான் தேய்ச்ச வேட்டிதான? திரும்பவும் தேய்ச்சுத் தரேன்."

வேட்பாளர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே குழிக்குள் கால் விட்டார். முழங்கால் வரை தண்ணீர்.

"ஐயையோ!"

கூட வந்தவர்கள் பாய்ந்தார்கள். மனு கும்பிட்டார். "ஐயா, மடிப்புல வெச்ச மனு இதாங்க. மழை பூரா இந்தம்மா இதுலதான் குந்திக்கினு நெய்யுது."

வேட்பாளர் எழுந்திருக்கவில்லை. அண்ணியின் பாதங்களைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

"ஜெயிச்சா வரேம்மா" என்றார். நாங்கள் நம்பவில்லை. ஜெயித்தார், பொறியாளரோடு வந்தும் நின்றார். வடிகாலும் வந்துவிட்டது.

இந்த வருஷத்து முதல் மழையன்று மனு குடையோடு எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"காய்ஞ்சே கிடக்குதுணா! உள்ள வா" என்றார் அண்ணி.

"இருக்கட்டும்மா. இன்னும் மூணு வீடு பாக்கணும்."

மனுவுக்குத் தறி கிடையாது. அவர் பரம்பரையிலேயே யாரும் நெய்ததில்லை. மழையில் அந்தக் குடை அடுத்த வாசலுக்குப் போவதைப் பார்த்தபோது, என் கூடப்பிறந்தவர் போகிற மாதிரி இருந்தது எனக்கு.