மூன்று மாப்பிள்ளைத் தூண்

எனக்கு வந்த முதல் வரனை நானேதான் விரட்டியடித்தேன். அதுவும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல். (எங்கள் ஊரில் இதற்குக் கொலைக் கேஸே பரவாயில்லை.)

தொண்ணூறுகளின் நடுவில், சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, கோயமுத்தூரில் நூறு வருஷம் தாண்டிய ஒரு மாடி வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு அதன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்த தெலுங்குக் குடும்பம் கட்டிய வீடு. கீழே பஞ்சுக் கிடங்கு, மேலே குடித்தனம், கூடத்தில் பர்மா தேக்கில் எட்டுத் தூண்கள். பேரன்களெல்லாம் மில், பங்களா என்று போய்விட, பேத்தி சரோஜாக்காதான் அதை அப்படியே காப்பாற்றி வந்தார்.

ஒருநாள் அவர் அழுதுவிட்டார். "ஞாயித்துக்கிழமை அண்ணன் மரக்கடைக்காரங்கள அனுப்பறாராம் கண்ணு. தூணுக்கு வெல படிஞ்சா ஊட்டையே இடிச்சுப்போடுவாங்க. ஊடு தேடி வந்தவங்கள நான் எப்படிப் போகச் சொல்லுவேன்?"

"நீங்க மாடியிலயே இருங்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்றேன். (பெரிய இவள்!)

ஞாயிறன்று விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நூறு நடை நடந்திருப்பேன். பத்து மணிக்கு வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், அவர் மனைவி, கூடவே ஒரு வாலிபன் வந்தார்கள். வந்த வேகத்தில் வேட்டிக்காரர் தூணைத் தட்டிப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்க அம்மணி, ஒத்தை மரமுங்களா?"

"எங்கீங்க மரம்? உள்ள பூராக் கரையானுங்க."

"மேல போய்ப் பாக்கலாமுங்களா?"

"போலாமுங்க. பாதிப் படியில கீழ வந்துருவீங்க."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா கண்ணு?" என்றார்.

"கெணத்துல பாம்பு செத்துக் கெடக்குதுங்க."

வாலிபன் ஒரு தூணில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பா உனக்கு?

"அந்தத் தூணுல சாஞ்ச மூணு மாப்பிள்ளைக ரத்தங் கக்கிச் செத்துப்போனாங்க!"

கரண்ட் அடித்தவன்போல் விலகினான். அப்போதும் அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "சரீங்க அம்மணி, போயிட்டு வாரோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

வெற்றிக் களிப்பில் மாடிப்படி ஏறப்போனால், அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அடிப் பாவி! மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஏண்டி இப்படி ஓடறாங்க?"

எங்கள் பக்கத்தில் முதல் தடவை பெண்ணைக் கோயிலிலோ ஜவுளிக்கடையிலோ தற்செயலாகப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை பாருங்கள். வீடு பார்க்க வருவதுபோல வரச் சொன்ன அம்மா, தெரிந்தால் நான் ஆட்டம் காட்டுவேன் என்று என்னிடம் மூச்சு விடவில்லை. அவர்கள் அப்போது புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்களாம். அதனால்தான் தூணைத் தட்டியிருக்கிறார்.

வரன் போனது. மூன்று நாள் அழுதேன். (அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது.)

ஆனால் ரத்தம் கக்கிய கதை கல்யாணப் பந்திகளில் பரவிவிட்டது. அந்த ஞாயிறு வராமல் அடுத்த மாதம் வந்த நிஜ மரக்கடைக்காரர் தெருமுனை டீக்கடையில் அதைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அந்தத் தூணை வாங்கி எவன் புது வீட்டில் நடுவான்? அண்ணன்காரரும் விட்டுவிட்டார். சரோஜாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே அழுதார். "ஊடு தப்பிச்சுது கண்ணு. ஆனா எங்க பரம்பரைக்கே இப்படி ஒரு பேரா?"

என் கணவர் (முன்கூட்டியே போன் செய்துவிட்டு, ஜோராகப் பெண் பார்க்க வந்தவர்) இன்றைக்கும் எங்கே தூணைக் கண்டாலும், "சாயலாமுங்களா?" என்று என்னிடம் அனுமதி கேட்பார்.

போன வருஷம் அவரோடு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது கதை சொல்லும் பெண் குரலைத் தாழ்த்தி, "இதுதானுங்க மூணு மாப்பிள்ளைத் தூணு" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அதெல்லாம் சுத்தப் பொய் கண்ணு" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. அதுல ஒருத்தர் எங்க சொந்தமுங்க."