வண்டியைத் துறந்த தியாகி

நாட்டுக்காகச் சிறை சென்ற தியாகிகளை நீங்கள் அறிவீர்கள். வருஷத்தில் நாற்பது நாள் மட்டும் தோன்றும் இன்னொரு வகையை அறிவீர்களோ? தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று சாமியார் நெற்றியில் சாம்பலால் இட்ட சிலுவையை, வேர்வை படாமல், கை படாமல் காப்பாற்றி, கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டு இருட்டிய பிறகே வீடு திரும்புவாரே, அவர்தான். தவக்காலத் தியாகி.

எங்கள் தலத்தெருவில் அவர் பெயர் அருள்ராஜ். ஊருக்கு ஊர் பெயர் மட்டும் மாறும்.

ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது நாள் தவக்காலத்தில் பிடித்த ஒன்றை விட வேண்டும். பிறருக்கு நல்லதும் செய்ய வேண்டும். தியாகி இரண்டிலும் குறை வைப்பதில்லை. ஒரு வருஷம் கறியை விட்டார். வஞ்சிரமும் இறாலும் வீட்டுக்குள் வந்தன. அடுத்த வருஷம் காபியை விட்டார்; அவர் மனைவி ஜெயப்ரியா நாளைக்கு ஐந்து முறை இஞ்சி தட்டி டீ போட்டார். விட்டது அவர். இடுப்பு ஒடிந்தது யாருக்கு?

நல்லது செய்வதோ இன்னும் ஆபத்து. மீன்காரப் பூங்கொடியின் கூடையை ஒருநாள் வலியப் பிடுங்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டு தெருக்கோடிவரை ஒரே நடையாக நடந்தார்.

“அண்ணே, நில்லுங்கண்ணே! எட்டு வூட்டு ஏவாரம் போச்சு!”

“நன்றியெல்லாம் வேணாம்மா!”

2006 தவக்காலத்தில் அவர் துறந்தது ஸ்கூட்டரை. வண்டிக்கு வெள்ளைத் துணி போர்த்தி, சாவியை இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, எங்கே போனாலும் நடந்தார். நடப்பதைவிட, நடக்கும் காரணத்தைச் சொல்ல நின்ற நேரம்தான் அதிகம்.

மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. எதிர்வீட்டு ஷரீபுன்னிசா, மகள் ஹஃப்ஸாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். பத்து மணிக்கு ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சை. பேசி வைத்திருந்த ஆட்டோ வழியில் பஞ்சர். மணி ஒன்பது நாற்பது.

“அண்ணே, புள்ளயக் கொஞ்சம் கொண்டுபோய் விட்டுடுங்கண்ணே. இல்லாட்டி ஒரு வருஷமே போயிடும்!”

“வண்டியத் தொடமாட்டேன்னு ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேனேம்மா.” தியாகி சற்று யோசித்தார். “வேணும்னா ஒண்ணு செய்யறேன்.”

ஷரீபுன்னிசாவின் முகம் மலர்ந்தது.

“நானே கூட நடந்து வர்றேன். வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கிட்டே போயிடலாம்.”

“மூணு கிலோமீட்டர் அங்கிள்!” ஹஃப்ஸாவுக்கு அழுகை வந்துவிட்டது. கையிலிருந்த ஹால் டிக்கெட் வேர்வையில் சுருண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து வந்த ஜெயப்ரியா, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நேராகப் போய்ச் சாவியை எடுத்தார்.

“ஏய், அது ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த சாவி!”

“அவருக்கு இப்ப எங்கயும் போற வேலை இல்லீங்க. நீ ஏறு புள்ள.”

“அப்ப என் தவம்?”

“அடுப்புல பால் இருக்கு. பொங்காம பாத்துக்குங்க. அது போதும்.”

பள்ளிக்கூடக் கேட்டைச் சாத்த இரண்டு நிமிஷம் இருக்கையில் ஹஃப்ஸா உள்ளே ஓடினாள். வருஷம் பிழைத்தது. பால் பிழைக்கவில்லை.

அன்று மாலை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் தியாகி கோயில் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எதுத்த வூட்டுப் புள்ள பரீட்சைக்கு நம்ம வண்டியத்தான் கொடுத்தனுப்பினேன். தவக்காலம் பாருங்க!” ஜெயப்ரியா அப்போது அடுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். ‘நமக்குத் தவக்காலமே கிடையாதே’ என்கிறீர்கள். சரி. ஆனால் சர்க்கரையையோ, சோற்றையோ, சீரியலையோ நீங்களும் எப்போதாவது விட்டிருப்பீர்கள். அதை நாலு பேரிடம் சொல்லியும் இருப்பீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அடுப்படி வாசலில் நின்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்: “நான் அதை விட்டதுல உனக்கு ஏதாவது வேலை கூடிச்சா?”

பதில் வராமல் பாத்திரச் சத்தம் மட்டும் வந்தால், மறுபடி கேட்காதீர்கள்.