உடன்பிறந்தோர் சட்டம்

தேசப்படம் வரைகிறவர்கள் சலித்துப்போய் வெறும் நீலத்தைப் பூசிவிடும் ஓரத்தில் ஈராற்று நாடு இருந்தது. அதற்கு ஓர் அரசர் உண்டு, பேரவை உண்டு, பேரவைக்கு ஒரு தலைவரும் உண்டு. மக்கள் அவ்வப்போது வாக்களித்தார்கள். மற்ற நாட்களில் அவர்களுடைய நலனுக்காகச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

அந்த நாட்டின் கடைக்கோடித் தொகுதி குருவித்துறை. பூவராகன் அங்கே படகுத்துறைக் கண்காணிப்பாளராக இருந்தார். வெள்ளத்தில் துறை இடிந்தபோது அரசு ஆய்வுக்குழு அமைத்தது. குழு தேநீர் அருந்திக்கொண்டிருந்த காலத்தில் பூவராகன் ஆள் திரட்டிப் புதுத் துறை கட்டிவிட்டார். ஊரார் அவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள்; நின்றார்.

எதிர்த்து நின்றவர் மேடையில் கேட்டார்: "பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஆளுக்கா உங்க ஓட்டு? அவர் வீட்ல இருக்கிற அந்த ஆள் யாருன்னு அவரே சொல்லட்டும் பார்ப்போம்!"

மறுநாள் பூவராகன் சந்தையின் நடுவில் நின்று சொன்னார்.

"என் வீட்ல இருக்கிறவர் திருமேனி. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். உங்க மாடுகளுக்கெல்லாம் மருந்து கட்டினவர்தான். ஆம்பளையை விரும்புற ஆம்பளை நான். அவர் என் துணை. இதைச் சொன்னா ஓட்டு போயிடும்னாங்க. போனா போகட்டும். மறைச்சு வாங்குற ஓட்டு எனக்கு வேணாம்."

மீன் விற்கும் செங்கமலம், "அது உங்க வீட்டு சங்கதி. துறைக்குப் படிக்கட்டு எப்ப வைக்கப்போறீங்க, அதைச் சொல்லுங்க" என்றாள். அவள் புருஷனை ஆற்றுக்குக் கொடுத்தவள்; தங்கையோடு ஒரே வீட்டில் இருந்தாள்.

பூவராகன் வென்றார். படிக்கட்டும் வந்தது.

தலைநகரில்தான் சிக்கல். அவர் பேரவைக்குள் நுழைந்ததும் முதலமைச்சர் விசயராயருக்கு நாட்டின் குடும்பங்களைப் பற்றிக் கவலை பிறந்தது. அதுவரை அவை நன்றாகவே இருந்தன. அடுத்த கூட்டத்தில் இல்லக் காப்புச் சட்டம் வந்தது. கணவன், மனைவி, அவர்கள் பெற்ற பிள்ளை ஆகியோர் கூடி வாழ்வதே இல்லம். ஏனையோர் கூடி இருப்பது வெறும் இருப்பு. இல்லத்தாருக்கே ரேஷன் அரிசி. இல்லத்தாரே மருத்துவமனையில் நோயாளியின் அருகில் இருக்கலாம்.

"இது எவரையும் குறிவைத்த சட்டமன்று" என்றார் விசயராயர். அவையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பூவராகனைப் பார்த்தார்கள்.

குறி வைத்தது ஒரு வீட்டுக்கு. ஆனால் அடி நாடு முழுக்க விழுந்தது. செங்கமலத்துக்கும் தங்கைக்கும் அரிசி நின்றது. தாத்தாவிடம் வளர்ந்த பிள்ளைகளின் குடும்ப அட்டை செல்லாமல் போனது. மாமியாரின் கட்டிலருகே மருமகள் உட்காரக்கூடாது என்றார்கள். மனைவியை இழந்த அரசருக்கும் இல்லம் இல்லை என்று தெரிய வந்து, அரண்மனை அடுப்பு அணைக்கப்பட்டது. அரசருக்கு மட்டும் அன்று மாலையே விலக்கு வந்தது. பேரவைத் தலைவர் கலிவரதர் பிரம்மச்சாரி. தம்மையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்.

விலக்கு என்று ஒன்று உண்டு என்பதைப் பூவராகன் அப்போதுதான் கவனித்தார். விதவைகளுக்கு விலக்குக் கேட்டுத் தீர்மானம் எழுதிக்கொண்டு ஊருக்கு வந்தார். திருமேனி தோசை சுட்டுக்கொண்டே அதைப் படிக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒவ்வொருத்தரா வெளியில எடுத்துவிட்டா, கடைசியில நாம ரெண்டு பேருதான் உள்ள கிடப்போம். எல்லாருக்கும் வலிச்சாத்தான்யா இந்தச் சட்டம் மொத்தமா விழும்."

"விழுற வரைக்கும் செங்கமலத்தைப் பட்டினி கிடக்கச் சொல்லவா?"

திருமேனி தோசையைத் திருப்பிப் போட்டார். "தாத்தாமாரையும் சேர்த்து எழுது" என்றார்.

விதவைகள் விடுபட்டார்கள். பிறகு தாத்தாக்கள், மருமகள்கள், உடன்பிறந்தோர், அனாதைகள், ஒரே அறையில் தங்கிய படைவீரர்கள். தீர்மானங்களைக் கொண்டுவந்தவர் எப்போதும் பூவராகன்தான். அவற்றை ஏற்ற பெருந்தன்மைக்காக விசயராயருக்கு ஒவ்வொரு முறையும் பாராட்டு விழா நடந்தது. இப்படியே பூவராகனின் முதல் ஐந்தாண்டு கழிந்தது. குருவித்துறை அவரை மறுபடி அனுப்பி வைத்தது. முடிவில் விசயராயர் அவையில் அறிவித்தார்: "இச்சட்டத்தால் இன்று நாட்டில் எவருக்கும் இன்னல் இல்லை. ஆகவே இது நீடிப்பதில் தவறில்லை."

பூவராகன் எழுந்தார். "ஒரு வீடு மிச்சம் இருக்கிறது."

"மாண்புமிகு உறுப்பினர் சொந்த விவகாரங்களை அவைக்குக் கொண்டுவரலாகாது" என்றார் கலிவரதர்.

அந்தக் கோடையில் ஊசி போடப் போன திருமேனியை ஒரு காளை சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. தலைநகரின் பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். சேதி கேட்டுப் பேரவையிலிருந்து ஓடிவந்த பூவராகனை வாயிலில் காவலர் தணிகாசலம் நிறுத்தினார்.

"என்ன உறவு சார்?"

"துணை."

"அப்படி ஒண்ணு சட்டத்துல இல்லியே சார்." காவலர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கூடப் பொறந்தவங்களை விடலாம்னு இருக்கு. அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கதவைத் திறந்துடறேன்."

உள்ளிருந்து யாரோ அலறும் சத்தம் கேட்டது. திருமேனியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சந்தையின் நடுவில் நின்று சொன்னதை இங்கே விழுங்க வேண்டும்.

"அண்ணன்" என்றார் பூவராகன்.

கட்டிலில் திருமேனி வியர்த்துக் கிடந்தார். "எப்படி உள்ள விட்டாங்க?"

"அண்ணன்னு சொன்னேன்."

திருமேனி சிரிக்கப் பார்த்தார். வலியில் அது அழுகையாக முடிந்தது. "பரவால்ல. நாளைக்கும் அப்படியே சொல்லிட்டு வா. எப்படியாவது வா."

பூவராகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பேரவையில் எழுந்து சொன்னார்:

"நேற்று மருத்துவமனை வாயிலில் பொய் சொன்னேன். என் துணைக்கு நான் அண்ணன் என்றேன். இந்த அவை செய்த சட்டத்தை ஏமாற்றியதற்காக என்னைத் தண்டிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தண்டிக்க மனம் இல்லாவிட்டால் சட்டத்தை நீக்குங்கள்."

அவை சங்கடத்தில் நெளிந்தது. அவரால் அரிசி பெற்ற மக்கள் மாடத்தில் நிறைய இருந்தார்கள். தண்டித்தால் தேர்தலில் தெரியும், நீக்கினால் தோற்றதாகும். விசயராயர் சற்று யோசித்துவிட்டு முகமலர்ச்சியோடு எழுந்தார்.

"மாண்புமிகு உறுப்பினர் நமக்கு வழி காட்டியிருக்கிறார். இனி இந்நாட்டில் எந்த இருவரும் தம்மை உடன்பிறந்தோர் என்று வாயால் சொன்னால் போதும். அது மெய்யா என்று எந்த அலுவலரும் ஆராயக்கூடாது. இதைவிட அன்பான சட்டம் உலகில் உண்டா?"

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. எதிர்த்து எழுந்த கை ஒன்றே ஒன்று.

"என்னய்யா இது, உங்களுக்காகத்தானே கொண்டுவந்தோம்!" வெளியே வந்ததும் விசயராயர் பூவராகன் தோளில் கைபோட்டுக்கொண்டார். "உள்ள போகணும், பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதானே? ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தைதான் ஐயா. துணைங்கிற வார்த்தை வராம இருக்கத்தான் உங்களுக்கு இத்தனை சட்டம் வேண்டியிருந்துச்சு."

விசயராயர் கையை எடுத்துக்கொண்டார். மறுநாள் செய்தித்தாள்கள் பூவராகனை நன்றி மறந்தவர் என்று எழுதின.

அவையில் பொய்யை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து பூவராகன் அந்த வாயிலுக்குப் போகவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த செங்கமலம்தான் அக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கஞ்சி கொடுத்தாள். புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன் தம்பி. கேட்டுட்டு சொன்னாரு: 'அன்னிக்கு அது நாம சொன்ன பொய். இன்னிக்கு அவங்க சொல்லச் சொல்ற பொய். அண்ணன்னு சொல்லிட்டு இனி வர வேணாம்னு அவன்கிட்ட சொல்லு.'"

"வேற ஏதாவது?"

"உங்களைப் பார்க்கணும் போல இருக்காம்."

மறுநாள் பார்வை நேரத்தில் மருத்துவமனை வாயிலில் நீண்ட வரிசை. எல்லோரும் உடன்பிறந்தோராகவே இருந்தார்கள். கிழவிக்கு இளைஞன் தம்பி. இரு வேறு ஊர்க்காரர்கள் அண்ணன் தம்பி. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பூவராகனின் முறை வந்தது.

"என்ன உறவு சார்?" என்றார் தணிகாசலம், கேட்க விருப்பமில்லாதவர் போல.

"திருமேனியோட துணை."

"சார், ஏன் சார்… இப்ப சட்டமே விடுதே. சும்மா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. நாடே சொல்லுது."

"சொல்லிட்டு உள்ள போனா, அவரைப் பார்க்கிறது நானா இருக்க மாட்டேன் தணிகாசலம். திறக்க முடியாதுன்னா சொல்லிடுங்க, இப்படி ஓரமா நிக்கிறேன். உங்க மேல வருத்தமில்ல."

வரிசை காத்திருந்தது. தணிகாசலம் தன் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"எங்க வீட்லயும் ஒரு அண்ணன் இருக்காரு சார். கல்யாணம் பண்ணிக்கலியான்னு கேக்குறவங்க கிட்டயெல்லாம் அண்ணனைப் பார்த்துக்கணும்னு சொல்லிக்கிட்டே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்." அவர் கதவின் தாழில் கை வைத்தார். "எங்கம்மாவுக்கு நான் ஒரே புள்ள சார்."

வரிசையில் யாரோ ஒருவர், சற்று முன் தம்பி என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர், நின்று திரும்பிப் பார்த்தார்.

தணிகாசலம் கதவின் தாழை விலக்கினார்.

"போங்க சார். துணைன்னே சொல்லிட்டுப் போங்க."