உள்கால் முப்பத்தொரு இஞ்ச்

போன வாரம் எனக்கு இருந்த ஒரே வேலை, ரோட் பைக் சைக்கிளுக்கு ஃப்ரேம் சைஸ் பார்க்கறது.

எங்க ஆபீஸ் கும்பல் ஞாயித்துக்கிழமை காலையில பெங்களூரு அல்சூர் ஏரிய சுத்தி சைக்கிள் ஓட்டுது. "நானும் வரேன்"னு சொன்னா போதாதா? "எல்லாரும் என் பின்னாடி வாங்க"ன்னு வேற சொல்லி வெச்சிருந்தேன்.

நெட்ல தேடினா, ஃப்ரேம் ஜியாமெட்ரின்னு கட்டம் கட்டமா ஒரு சார்ட். எல்லாத்துக்கும் முதல்ல உள்கால் அளவு, அதாவது கவட்டையில இருந்து பாதம் வரைக்கும், வேணுமாம். சுவத்துல சாஞ்சு நின்னு, காலுக்கு நடுவுல ஒரு புக்கை இடுக்கிக்கிட்டு அளக்கணுமாம்.

பொண்ணோட சயின்ஸ் புக்கை இடுக்கிக்கிட்டு நிக்கறேன், என் பொண்டாட்டி செல்வி உள்ள வரா. செல்வி என்னைவிட ரெண்டு இஞ்ச் உயரம். கல்யாண போட்டோல நான் நிக்கறது செங்கல் மேல.

"என்னங்க பண்றீங்க?"

"சைக்கிளுக்கு அளவு எடுக்கறேன்."

"கடைக்குப் போயி ஏறிப் பாக்க வேண்டியதுதானே?"

"இதெல்லாம் கணக்குடி. உனக்குப் புரியாது."

புக் வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. நேரா எங்க தெரு டெய்லர்கிட்ட போயிட்டேன். "பாய், உள்கால் மட்டும் அளந்து குடுங்க."

டேப்பை வெச்சார், சீட்டுல எழுதினார். முப்பத்தொண்ணு!

எனக்கு இவ்ளோ நீளமான காலா! நாப்பது வருஷமா ஒருத்தரும் சொல்லலையே! அன்னிக்கு வீட்டுக்கு நடந்த நடையே வேற.

சைக்கிள் கடையில சீட்டை நீட்டி, சார்ட்ல முப்பத்தொண்ணுக்கு நேரா போட்டிருந்த "அம்பத்திநாலு சைஸ்"னு கேட்டேன். கடைக்காரர் சீட்டைப் பாத்தார். என் காலைப் பாத்தார். மறுபடி சீட்டைப் பாத்தார்.

"சார், ஸ்வல்ப, கொஞ்சம் ஏறி நின்னு பாத்துடுங்க."

"டெய்லர் எடுத்த அளவு சார் இது!"

ஞாயித்துக்கிழமை. பிளாட்ஃபாரத்துல நின்னு ஏறினதால ஒண்ணும் தெரியல. கும்பலுக்கே முன்னாடி பறந்தேன். ஏரிகிட்ட சிக்னல் சிவப்பு விழற வரைக்கும்.

சீட்ல இருந்து இறங்கி காலை ஊனினேன். தரை வரல. மேல் கம்பி வந்துடுச்சு.

அம்மா!

பக்கத்துல நின்ன ஆட்டோவை அப்படியே கட்டிப் புடிச்சேன். டிரைவர் எட்டிப் பாத்தார். "இன்னா சார், எறக்கி உடணுமா?"

இறக்கி விட்டார். கொழந்தையத் தூக்கற மாதிரி, அக்குள்ல கை குடுத்து! பின்னாடியே மொத்த ஆபீஸும். மேனேஜர் மேடம் மட்டும் ரொம்ப மரியாதையா, "நீங்க சொன்ன மாதிரியே எல்லாரும் பின்னாடிதான் இருக்கோம் சார்"னாங்க. மானமே போச்சு.

சைக்கிளைத் தள்ளிக்கிட்டே டெய்லர் கடைக்குப் போனேன். "பாய்! என்ன அளவு எடுத்தீங்க?"

"இருபத்தொம்பது சார். கீழ மடிக்க ரெண்டு இஞ்ச் சேத்து எழுதினேன், எப்பவும் போல. பேன்ட் துணி எங்க?"

ஓட்டின சைக்கிளைக் கடையில திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. வீட்டுல செல்வி கண்ணுல தண்ணி வர சிரிச்சுட்டு, சுடிதாரோட ஏறி நின்னா. ரெண்டு பாதமும் தரையில பதிஞ்சு நின்னுச்சு. அளவெடுத்து செஞ்ச மாதிரி!

இந்த ஞாயிறு என் ஆபீஸ் கும்பலுக்கு முன்னாடி ஓட்டிட்டுப் போனது அவதான். நான் ஸ்கூட்டர்ல தண்ணி பாட்டில் தூக்கிக்கிட்டு பின்னாடி போனேன்.

ஸ்கூட்டர்ல கால் நல்லா எட்டுது.