வலைப்பந்துக்கு முன் ஐந்து நிமிடம்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். கட்டுகஸ்தோட்டை மைதானத்தில் மகளின் வலைப்பந்துப் போட்டி தொடங்குமுன், விளையாட்டில் காயம் வராமல் பார்த்துக்கொள்வது பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

கேட்டவர் பள்ளிக்கூடப் பயிற்சியாளர் ஸ்டெல்லா மிஸ்.

"சேர், நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு சொன்னாங்க. உடம்பச் சூடாக்கணும், சப்பாத்து லேஸை இறுக்கிக் கட்டணும், வலிச்சா ஒளிக்காமச் சொல்லணும். அவ்வளவுதான்."

நாற்பது ஆண்டுகள் தொழிற்சங்க மேடையில் நின்றவன் நான். என் பேச்சால் பதவிக்கு வந்தவர்கள் இன்று வீதியில் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடமாவது நினைவு வைத்திருக்கிறதே என்று, எட்டு அம்சங்களில் ஒரு துண்டுப்பிரசுரமே எழுதிவிட்டேன்.

அன்று மாகாண அணிக்கு ஆள் தெரிவு செய்யும் அதிகாரியும் வந்திருந்தார். என் மகள் கவிதா மூன்று வருடமாகக் காத்திருந்தது அவருக்காகத்தான். இந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிகிறது. அவளுக்கு இது கடைசி வாய்ப்பு.

நான் போனபோது இரண்டு அணிகளும் ஓடிக் குதித்து வேர்த்திருந்தன. தூறல் வேறு. மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று.

"அப்பா, அஞ்சு நிமிஷம்," என்றாள் கவிதா.

"தெரியும் பிள்ள."

ஐந்தாவது நிமிடத்தில் நான் முன்னுரையில் இருந்தேன். காயம் என்பது விபத்தல்ல, அது ஓர் ஏற்பாடு என்று தொடங்கி, விடியற்காலையில் விறைத்த காலோடு மலையேற்றப்பட்ட, தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்களின் முழங்கால்களுக்கு வந்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நீளம் மட்டும்தான் குற்றம்.

பத்தாவது நிமிடம், கலகெதரவிலிருந்து வந்த எதிரணியின் டீச்சர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

கூட்டத்திலிருந்து எழுந்துபோகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. "உண்மை சிலருக்குக் கசக்கும்," என்று ஒலிவாங்கியில் சொன்னேன்.

ஸ்டெல்லா மிஸ் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மேடையில் எனக்குக் கடிகாரம் காட்டிய எவருக்கும் நான் பணிந்ததில்லை.

எங்கள் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். கவிதா மட்டும் நின்ற இடத்திலேயே மெல்லத் துள்ளத் தொடங்கினாள்.

"கவிதா, அசையாம நில்லு. காயத்தத் தடுக்கிறதப் பத்தித்தான பேசிக்கிட்டிருக்கேன்?"

நின்றாள்.

பக்கத்தில் நின்றவள் அவளிடம், "ஒங்கப்பாவுக்கு இன்னைக்கு வேற வேலை இல்லையாடி?" என்றாள்.

"அவருக்கு வேலையே இதுதான்டி."

ஒலிவாங்கி இல்லாமலே எனக்குக் கேட்டது. விட்டுக்கொடுப்பேனா? தொடர்ந்தேன்.

முப்பத்தைந்தாவது நிமிடம் எட்டாவது அம்சத்துக்கு வந்தேன். நானே எழுதியதை உரக்க வாசித்தேன்:

"உடம்பைச் சூடாக்கிய பின் சும்மா நிற்கக் கூடாது. குளிர்ந்த தசையில்தான் முதலில் காயம் வரும்."

எங்கள் அணியின் ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன்.

"பிள்ளைங்க ஒரு சுற்று ஓடிட்டு வரட்டுமா?" என்று ஸ்டெல்லா மிஸ் நடுவரிடம் கேட்டார்.

"நேரம் எங்க மிஸ் இருக்கு?" என்றபடி நடுவர் விசிலை ஊதினார்.

ஆட்டத்தின் இரண்டாவது நிமிடம், பந்துக்குப் பாய்ந்த கவிதா கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓடிப்போய்க் குனிந்தேன்.

"வலிச்சா ஒளிக்காமச் சொல்லணும் பிள்ள."

"வலிக்குது. போதுமா?"

பனிக்கட்டி வைத்துக் கட்டி வெளியே உட்காரவைத்தோம். போட்டியில் தோற்றோம். தெரிவு அதிகாரி கலகெதர அணியில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தேன்.

"அடுத்த வருஷம் எனக்கு ஸ்கூல் இல்லப்பா."

மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். இத்தனை காலம் பேசியும் அந்த ஒன்றை மட்டும் நான் பழகியிருக்கவில்லை.

அப்போது கலகெதர டீச்சர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"சேர், ஒங்கட பேச்சு எங்களுக்கு மிச்சம் ஒதவியா இருந்திச்சி. நீங்க பேசி முடியிற வரைக்கும் எங்கட பிள்ளைகள் பின்னால ஓடிக்கிட்டே இருந்தாங்க. ஒருத்திக்கும் ஒரு சுளுக்குக் கூட இல்ல."

என் பொதுவாழ்வில் எதிர்த்தரப்பு எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.